தலைக்கு மேல் ஒரு தாமரைக்குளம்

சித்தன்னவாசலுக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன். பாடப்புத்தகத்தில் பார்த்த தாமரைக்குள ஓவியம் மனதில் பச்சையும் சிவப்புமாகப் பளிச்சென்று இருந்தது. வெயிலில் நடந்து, படியேறி, காவலர் கம்பிக் கதவைத் திறந்துவிட, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மங்கலான பச்சைத் திட்டுகள். இடையிடையே செம்மண் நிறத்தில் ஏதோ உருவங்கள். பல இடங்களில் வெறும் பாறை. கழுத்து வலிக்க ஆரம்பித்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "இவ்ளோதானா?" பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

பல வருடம் கழித்துத் தனியாகப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, முதல் தடவை நாங்கள் ஓவியத்தையே பார்க்கவில்லை என்று. வெயிலிலிருந்து குடைவரைக்குள், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயிலுக்குள், நுழைந்ததும் கண் இருட்டிக் கிடக்கும். அது தெளிவதற்கே ஐந்து நிமிடமாவது வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

இடம் புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் போகும் சாலையில். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மொட்டைப் பாறைக் குன்று. அதன் மேற்குச் சரிவில் குடைந்திருக்கிறார்கள் அறிவர் கோயிலை. அறிவர் என்றால் முற்றும் அறிந்தவர். இங்கே சமண அருகர்களைக் குறிக்கிற சொல். கோயில் என்று சொன்னதும் கோபுரமும் பிராகாரமும் நினைவுக்கு வரும். இங்கே மொத்தமே இரண்டு அறைதான். முன்னால் அர்த்தமண்டபம், ஏறத்தாழ இருபத்திரண்டரை அடி நீளம், ஏழரை அடி அகலம். அதற்குப் பின்னால் கருவறை, ஒன்பதரை அடிச் சதுரம். நம் ஊர்களில் பல வீடுகளின் திண்ணை இதைவிடப் பெரியது.

ஓவியத்தின் பெரும்பகுதி அர்த்தமண்டபத்து விதானத்தில் இருக்கிறது. கூரையில் போய் எதற்குக் குளத்தை வரைந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அது வெறும் இயற்கைக் காட்சிதான். தெரிந்தால் ஒரு கதையின் நடுப்பகுதி.

சமண மரபில், ஒரு தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டும் பெருங்குரு, கேவல ஞானம் என்கிற முழு அறிவைப் பெற்றதும் அவருடைய முதல் உபதேசத்துக்காகத் தேவர்கள் ஒரு மாபெரும் சபையை அமைக்கிறார்கள். சமவசரணம் என்று பெயர். வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பூமிகள். நடுவில் தீர்த்தங்கரர். மனிதரும் தேவரும் விலங்கும் பறவையும் பகை மறந்து உட்கார்ந்து கேட்கிற இடம் அது. அங்கே போய்ச் சேர வெளிவட்டங்களைக் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று காதிகா பூமி, அதாவது நீர்நிலை. பவ்யர்கள், அதாவது முக்திக்குத் தகுதியுள்ள நல்லோர், அதில் இறங்கிப் பூப்பறித்துக்கொண்டு மேலே போகிறார்கள். சித்தன்னவாசல் கூரையில் இருப்பது அந்தக் குளம்தான் என்பது அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அண்ணாந்து பாருங்கள். கோவணம் கட்டிய மூன்று ஆண்கள் நீரில் நிற்கிறார்கள். இருவர் சேர்ந்து ஒரு பக்கம், மூன்றாமவர் தனியாக. சேர்ந்திருப்பவர்களில் ஒருவர் கையில் பூக்குடலை. தனியாக இருப்பவர் தாமரைக் கொத்தைத் தோளில் சார்த்தியிருக்கிறார். உடல் நிறம்கூட ஒன்றுபோல இல்லை. ஒருவர் நல்ல சிவப்பு, இன்னொருவர் மஞ்சள் கலந்த செம்மை. சுற்றிலும் யானைகள், எருமைகள், அன்னங்கள், தண்டுகளுக்கு நடுவே மீன்கள். பூக்குடலைக்காரர் ஏதோ தோட்டக்கார ஆள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் உபதேசம் கேட்கப் போகும் வழியில் இருக்கிறார்! அவர் பறிக்கிற பூ சந்தைக்கு அல்ல, உள்ளே இருப்பவருக்கு. உள்ளே இருப்பவரோ நிஜமாகவே உள்ளே இருக்கிறார், பத்தடி தள்ளி, கருவறையில். அப்படிப் பார்த்தால் அர்த்தமண்டபத்தில் நிற்கிற நாமும் காதிகா பூமியில்தான் நிற்கிறோம். படம் கூரையில் இருக்க வேண்டியது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவரில் இருந்தால் குளத்தை எட்ட நின்று பார்த்திருப்போம். தலைக்கு மேல் இருப்பதால் குளத்துக்குள் முங்கி நிற்கிறோம்.

தாமரைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரே அச்சில் வார்த்த பூக்கள் இல்லை. இறுக மூடிய மொட்டு, நுனி மட்டும் பிரிந்த மொட்டு, பாதி மலர்ந்தது, முழுக்க விரிந்து பொகுட்டைக் காட்டுவது என்று எல்லாப் பருவமும் இருக்கின்றன. இலைகளில் சில தட்டுப்போல விரிந்து, சில விளிம்பு மடங்கி. குளத்தை மேலிருந்து பார்ப்பதுபோலப் பரப்பியிருக்கிறார் ஓவியர். ஆனால் பூவையும் மீனையும் ஆளையும் பக்கவாட்டில் காட்டுகிறார். இது தப்பில்லையா என்றால், தப்பில்லை. எந்தப் பொருளை எந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது அதுவாகத் தெரியுமோ அந்தப் பக்கத்தைக் காட்டுகிற வரைமுறை அது. கோலத்தில் தாமரை போடுகிற எவருக்கும் இது புரியும்.

இனி, இது எப்படிப் பாறையில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம். உளி கொத்திய கருங்கல் சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து. அதற்கு மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்தே சில மில்லிமீட்டர்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அப்படி இறுகிய பூச்சுதான் நிறத்தைத் தாங்குகிறது. சுண்ணாம்பின் காரம் இலைச்சாறு, பூச்சாறு போன்ற செடி நிறங்களை அரித்துவிடும். அதனால் மண்ணும் கல்லும்தான் வண்ணம்: வெள்ளைக்குச் சுண்ணாம்பே, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிக்கற்கள், பச்சைக்குப் பச்சை மண். 1940களில் வேதியியலாளர் பரமசிவன் இந்தப் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்து, ஓவியங்களின் மேல் படிந்திருந்த அழுக்கையும் நீக்கினார். ஈரச் சாந்தில் வரைந்ததல்ல, காய்ந்த பூச்சின்மேல் வரைந்தது என்பது அவர் முடிவு. அந்தச் சமயத்தில்தான் கருவறைக் கூரையில் இன்னொன்றும் தெளிவாகத் தெரிய வந்தது. மேல் பூச்சுக்கு அடியில் பழைய பூச்சு ஒன்று. அதில் கம்பளம் விரித்ததுபோலக் கட்டம் கட்டமாக ஒரு கோலம். துணி விதானம் கட்டுவதற்குப் பதிலாகத் துணியையே வரைந்துவிட்டார்கள் போலும். ஆக, இந்த இடம் ஒரு தடவைக்கு மேல் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறது.

யார் செய்தது? இங்கேதான் பழைய பாடப்புத்தகங்கள் நம்மைக் குழப்புகின்றன. 1910களில் புதுக்கோட்டை வரலாற்றாசிரியர் ராதாகிருஷ்ண ஐயர் இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டார். பிறகு தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவும், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேயும் கவனப்படுத்தினார்கள். குடைவரை என்றாலே மகேந்திரவர்மப் பல்லவன் என்று நினைத்த காலம் அது. அவன் முதலில் சமணனாக இருந்தவன் என்ற கதையும் கூடவே இருந்தது. எனவே கோயில் 7ஆம் நூற்றாண்டு, பல்லவருடையது என்று எழுதினார்கள். தூணில் மகுடத்தோடு தெரிகிற அரசன் மகேந்திரனாகவே ஆகிவிட்டான்.

ஆனால் முகப்புக்குத் தெற்கே, பாறையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அண்ணல்வாயில் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த இடத்து அறிவர் கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் முகமண்டபம் ஒன்றும் எடுத்தார் என்பது அதன் செய்தி. அரசன் பெயர் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்தான் அவன். இதைப் படித்தபின் மகேந்திரன் கதை நிற்கவில்லை. குடைவரை அதற்கு முந்தியதாக இருக்கலாம். நாம் இன்று அண்ணாந்து பார்க்கிற ஓவியம் பாண்டியர் காலத்தது என்பதே இப்போது பெருவழக்கான கருத்து.

எனக்கு இந்தக் கல்வெட்டில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். மதுரைச் சமணர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றிய கதை. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு என்பார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அதற்கு இருநூறு வருடம் கழித்து மதுரையைச் சேர்ந்த ஒரு சமண ஆசிரியர், பாண்டிய மன்னனைப் புகழ்ந்து கல்வெட்டுப் பாடல் வெட்டிவிட்டு, ஆற அமர ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார். அந்தக் கதையை நம் மனதில் ஆழப் பதித்த பெரியபுராணம் வந்தது இதற்கும் பிறகு, 12ஆம் நூற்றாண்டில்.

தூண்களுக்கு வருவோம். முன்பக்கம் பார்த்த முகங்களில் இரண்டு ஆடல் பெண்கள். ஒருத்தியின் இடக்கை யானைத் துதிக்கைபோல மார்புக்குக் குறுக்கே வீசிக் கிடக்கிறது. இடுப்பு ஒடிந்து, தலை சாய்ந்து நிற்கிறாள். முகம் முக்கால்வாசி மங்கிவிட்டது. ஆனால் அந்தக் கையின் ஒரே இழுப்பு இன்னும் இருக்கிறது. தோளில் தொடங்கி விரல் நுனிவரை தூரிகையை எடுக்காமல் இழுத்த கோடு. நடராசர் செப்புத் திருமேனிகளில் நாம் பார்த்துப் பழகிய அதே கை, அவற்றில் பெரும்பாலானவை வார்க்கப்படும் முன்பே. துறவிகள் கோயிலில் நடனப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சமவசரணத்துக்குப் போகிற வழியில் அரம்பையர் ஆடுவார்கள். கதைப்படி அவள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறாள். தூணின் இன்னொரு முகத்தில் அரசனும் அரசியும் இருக்கிறார்கள். அரசன் ஸ்ரீமாறன், எதிரே நிற்பவர் இளங்கௌதமன் என்று சொல்வதுண்டு. மகுடத்தின் வேலைப்பாடு தெரிகிறது. மற்றதையெல்லாம் நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சரி, இது எப்படி இத்தனை நாள் தப்பியது? இதுதான் இந்த இடத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்த விஷயம். தமிழ்நாட்டில் ஓவியம் இல்லாத பழைய கோயிலே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பெரும்பாலானவை அழிந்தது பகையால் அல்ல, பக்தியால். தினம் எரிகிற விளக்கின் எண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, கும்பாபிஷேகம் வந்தால் 'சுத்தமாக' இருக்கட்டும் என்று அடிக்கிற வெள்ளை. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் புதிதாக வரைந்துவிட்டார்கள். 1931இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அடியிலிருந்த பழைய படத்தைக் கண்டுபிடிக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. அங்கே மூடியதால் பிழைத்தது.

சித்தன்னவாசலில் நடந்தது வேறு. சமணம் இந்தப் பக்கம் தேய்ந்தபின் இங்கே விளக்கு வைக்க ஆளில்லை. வெள்ளையடிக்கவும் ஆளில்லை. கைவிட்டதால் ஓவியம் மிஞ்சியது. ஆனால் அதே கைவிடல் இன்னொரு பக்கம் கடித்தது. இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் எப்போதோ விழுந்துவிட்டது. அது இருந்தவரை உள்ளே வெயிலும் சாரலும் வந்திருக்காது. விழுந்தபின், மேற்குப் பார்த்த அர்த்தமண்டபத்துக்குள் மாலை வெயில் நேராக இறங்கியது. மழைச் சாரல், வௌவால், ஒதுங்கியவர்கள் மூட்டிய நெருப்பு, பெயர் கீறுகிற விரல்கள். கருங்கல்லும் சாந்தும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. வருடம் முழுக்கச் சூடேறி ஆறி, ஏறி ஆறி, சில மில்லிமீட்டர் பூச்சு கல்லிலிருந்து விட்டுக்கொண்டது. அதனால்தான் கீழ்ச்சுவர்களில் அனேகமாக ஒன்றும் இல்லை; கைக்கு எட்டாத, வெயில் நேராக விழாத கூரையும் தூண்களின் மேல்பகுதியும் மட்டும் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டன.

இப்போது முன்னால் நிற்கிற தூண் வரிசையைப் பார்த்து அதுதான் 9ஆம் நூற்றாண்டு முகமண்டபம் என்று நினைத்துவிடக் கூடாது. அது 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் எழுப்பியது. தூண்களைப் பக்கத்துக் குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபம் ஒன்றிலிருந்து கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்துக்குத் தூண் கடன் வாங்கின கதை. ஆனால் அந்தக் கடன் தூண்கள் இல்லாவிட்டால் நாம் பார்க்க இன்னும் குறைவாகவே மிஞ்சியிருக்கும்.

அர்த்தமண்டபத்தின் இரு கோடிகளிலும் மாடங்கள் இருக்கின்றன. தெற்கே ஐந்தலை நாகம் குடைபிடிக்கத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர். வடக்கே ஒற்றைக் குடையின் கீழ் ஒரு ஆசிரியர். கீழே 'திருவாசிரியன்' என்று எழுத்து. குடையை எண்ணினால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்: மூன்று குடை தீர்த்தங்கரருக்கு, ஒன்று ஆசாரியருக்கு. கருவறைப் பின்சுவரில் வரிசையாக மூவர் இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

கருவறைக்குள் நுழைந்ததும் காவலர் யாராவது, "நடுவுல நின்னு வாய மூடிட்டு ம்ம்ம்னு சொல்லுங்க சார்" என்பார். சொன்னால் அறை முழுக்க ரீங்கரிக்கும். சத்தம் தொண்டையிலிருந்து வருகிறதா சுவரிலிருந்து வருகிறதா என்று ஒரு நொடி சந்தேகமே வந்துவிடும். ஓங்கார அதிசயம் என்று வெளியே கதை கட்டுவார்கள். காரணம் எளிமையானது. ஏழரை அடி உயரமும் ஒன்பதரை அடி அகலமும் உள்ள வழவழப்பான கல்பெட்டி அது. ஒலியை உறிஞ்ச உள்ளே துணியோ மரமோ எதுவும் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே முட்டித் திரும்புகிற அலை, இந்த அளவுள்ள அறையில் ஆண்குரலின் கீழ்ச் சுருதியோடு ஒத்துப்போகிறது. சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் ஓரிடத்தில் 'பிடித்துக்கொள்வது' தெரியும். காரணம் தெரிந்தபின்னும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உள்ளே தியானத்தில் உட்கார்ந்தவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருப்பார்களா என்ன?

வந்தவர்கள் பெரும்பாலும் இதோடு கிளம்பிவிடுவார்கள். குன்றின் மேலேறிக் கிழக்குப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறை விளிம்பில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். இப்போது கம்பித் தடுப்பு இருக்கிறது. அப்போது ஏழு குழியும் நம்பிக்கையும்தான். இயற்கையான குகைத் தாழ்வாரம், தரையில் வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மேடு. பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் செய்து கொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது. மற்றப் படுக்கைகளின் பக்கத்தில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தில் பெயர்கள்: திருநீலன், திருச்சாத்தன், இன்னும் சிலர். அதாவது கீழே ஓவியர்கள் கூரையில் குளம் வரைவதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தக் குன்றில் துறவிகள் படுத்தெழுந்திருக்கிறார்கள். குளம் வரைந்த காலத்திலும் படுக்கை காலியாக இல்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காலையில் முதலில் ஏழடிப்பட்டம் ஏறிவிடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் ஏறுவது கஷ்டம், வழியில் நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். அப்புறம் இறங்கி வந்து அறிவர் கோயில். கேமராவுக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். கைப்பேசியில் முன்பே ஒரு நல்ல பிரதியோவியப் படத்தைச் சேமித்து வைத்திருந்தால் உதவும். அதையும் கூரையையும் மாற்றி மாற்றிப் பார்க்கப் பார்க்க, மங்கல் திட்டு மொட்டாகும்.

நான் இரண்டாம் தடவை போனபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. கண் பழக, முதலில் இலைகள் பிரிந்தன, பிறகு அந்தத் தனியாள், பிறகு யானையின் முதுகு. கடைசியாக மூலையில் இரண்டு தண்டுகளுக்கு நடுவே ஒரு மீன் தெரிந்தது. அதுவரை அதை வெடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. ஒரு பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லப்பா" என்றான். நான் விரலை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பார்த்தான். அப்புறம், "அங்க இன்னொண்ணு இருக்கு" என்று அவன் எனக்குக் காட்டினான்.